நாலு கோர், ரெண்டு கிராபிக்ஸ் கார்டு: எது லாபம்?

2007 ஜூலை 22 அன்று இன்டெல் தன் விலைப்பட்டியலை மாற்றியது. அன்றைக்கு ஒரே விலையில், 266 டாலருக்கு, இரண்டு பிராசசர்கள் கிடைத்தன. ஒன்று கோர் 2 டுயோ ஈ6850. இரண்டு கோர், 3 கிகாஹெர்ட்ஸ் வேகம். மற்றொன்று கோர் 2 குவாட் கியூ6600. நான்கு கோர் உண்டு, ஆனால் வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான்.

சேர்த்து வைத்த காசோடு கடை வாசலில் நிற்பவனுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டுமா? வேகமான இரண்டு ஆள் போதுமா, கொஞ்சம் நிதானமான நான்கு ஆள் வேண்டுமா?

கேம் ஆடுபவர்களுக்கு அந்த வருடம் இன்னொரு சோதனையும் இருந்தது. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ் என்ற கிராபிக்ஸ் கார்டு 2006 நவம்பரில் 599 டாலருக்கு வந்திருந்தது. அதில் ஒன்று வாங்கினால் போதுமா, இரண்டு வாங்கி எஸ்.எல்.ஐ. முறையில் ஜோடி சேர்ப்பதா? ஜோடி என்றால் கார்டுக்கு மட்டும் ஏறக்குறைய 1,200 டாலர்.

2007 நவம்பரில் ஜெர்மனியின் கிரைடெக் நிறுவனம் செய்த "கிரைசிஸ்" வந்தது. அடர்ந்த காடு, உடையும் மரங்கள், கடல், வெயில் என்று அந்தக் காலத்துக் கணினிகளை மூச்சு வாங்க வைத்த கேம் அது. "இதில் கிரைசிஸ் ஓடுமா?" என்ற கேள்வி ஒரு நகைச்சுவையாகவே உலகம் பூராவும் பரவியது. மேலே சொன்ன இரண்டு சோதனைகளுக்கும் பரீட்சைத் தாள் மாதிரி ஆகிப்போனது அந்த கேம்.

இரண்டு கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. வேலையைப் பிரித்துக் கொடுத்தால் சீக்கிரம் முடியும். வணிகவியல் படிக்கிற எல்லாருக்கும் தெரிந்த பழைய பாடம்தான் இது. ஆடம் ஸ்மித் 1776-இல் எழுதிய புத்தகத்தில் குண்டூசித் தொழிற்சாலை ஒன்று வரும். பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரு நாளில் 48,000 குண்டூசி செய்தார்கள் என்பார். வேலைப் பகுப்பு முறை என்று பாடப்புத்தகத்தில் படித்து மார்க் வாங்கிய விஷயம்.

அந்த நம்பிக்கை கேம் உலகத்தில் ஒரு பக்கம் பலித்தது. இன்னொரு பக்கம் படுத்துவிட்டது. நாலு கோருக்குப் பணம் போட்டவர்கள் சில வருடம் காத்திருந்து லாபம் பார்த்தார்கள். ரெண்டு கார்டுக்குப் பணம் போட்டவர்களின் கட்சி 2020-களின் தொடக்கத்தில் கலைந்தே போனது. ஒரே தத்துவம், இரண்டு முடிவு. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இலவசச் சாப்பாடு முடிந்த கதை

முதலில் பிராசசர் ஏன் ஒரு கோரிலிருந்து இரண்டு, நான்கு என்று போனது என்று பார்த்துவிடலாம்.

2000-களின் தொடக்கம் வரை கேம் எழுதுபவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. இன்றைக்குத் திணறுகிற கேம், புது பிராசசர் வந்ததும் தானாகவே வேகமாக ஓடும். எழுதியவர் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டாம். கிகாஹெர்ட்ஸ் ஏறிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

பெண்டியம் 4 காலத்தில் இந்த ஏணி உடைந்தது. வேகத்தைக் கூட்டக் கூட்ட மின்சாரமும் சூடும் கட்டுக்கடங்காமல் ஏறின. 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை வந்த இன்டெல், 4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4 திட்டத்தை 2004 அக்டோபரில் கைவிட்டது. 2005-இல் இன்டெல்லின் பெண்டியம் டி, ஏ.எம்.டி.யின் அத்லான் 64 எக்ஸ்2 என்று இரட்டைக் கோர் பிராசசர்கள் கடைக்கு வந்தன. ஒரு ஆளை இன்னும் வேகமாக ஓட வைக்க முடியாது என்று தெரிந்ததும், இன்னொரு ஆளைப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

அதே 2005-இல் ஹெர்ப் சட்டர் என்ற மென்பொருள் வல்லுநர், இலவசச் சாப்பாடு முடிந்துவிட்டது என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு கட்டுரை எழுதினார். இனிமேல் வேகம் வேண்டுமென்றால் புரோகிராம் எழுதுபவர்தான் உழைக்க வேண்டும், வேலையை அவரே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். கணினி கடைக்குப் போய் கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான். கோரை விற்பவர் ஒருவர். அந்தக் கோருக்கு வேலை கொடுக்க வேண்டியவர் வேறொருவர்.

பருப்பு வேகிற நேரம்

திரையில் அசையும் படம் உண்மையில் வரிசையாக வரும் நிலைப்படங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் 16.6 மில்லி செகண்டுக்குள் முடித்தாக வேண்டும். 30 போதும் என்றால் 33.3 மில்லி செகண்ட்.

இந்த நேரத்துக்குள் பிராசசர் செய்ய வேண்டிய வேலைகளைப் பாருங்கள். மவுஸ், கீபோர்டு என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். எதிரிகள் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். எறிந்த குண்டு எங்கே விழுகிறது, எந்தச் சுவர் இடிகிறது என்று இயற்பியல் கணக்குப் போட வேண்டும். ஒலியைச் சேர்க்க வேண்டும். கடைசியாக, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று ஒரு பட்டியல் தயார் செய்து கிராபிக்ஸ் கார்டுக்கு அனுப்ப வேண்டும். கார்டு அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் படம் வரைகிறது.

இதில் எல்லா வேலையையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாது. குண்டு விழுந்த இடம் தெரிந்தால்தான் எதிரி எந்தப் பக்கம் ஓடுவான் என்று தெரியும். எதிரி எங்கே நிற்கிறான் என்று தெரிந்தால்தான் அவனை வரையச் சொல்ல முடியும்.

கல்யாண வீட்டுச் சமையலைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். காய் நறுக்கப் பத்துப் பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேர வேலை ஆறு நிமிடத்தில் முடியும். ஆனால் பருப்பு வேகிற நேரம் வேகிற நேரம்தான். அடுப்பைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றாலும் அது குறையாது. பருப்பு வெந்தபின்தான் சாம்பார்.

இதை ஜீன் ஆம்டால் என்ற கணினிப் பொறியாளர் 1967-இலேயே சொல்லிவிட்டார். ஆம்டால் விதி என்று அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கேமில் ஒரு ஃபிரேமுக்கு ஒற்றைக் கோரில் 40 மில்லி செகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி பிரிக்கக் கூடிய வேலை, பாதி பிரிக்க முடியாத வேலை.

ஒரு கோர்: 40 மில்லி செகண்ட், நொடிக்கு 25 ஃபிரேம்.
இரண்டு கோர்: 30 மில்லி செகண்ட், 33 ஃபிரேம்.
நான்கு கோர்: 25 மில்லி செகண்ட், 40 ஃபிரேம்.
எட்டு கோர்: 22.5 மில்லி செகண்ட், 44 ஃபிரேம்.
ஆயிரம் கோர் வைத்தாலும்: 20 மில்லி செகண்டைத் தொட்டு நிற்கும், 50 ஃபிரேமைத் தாண்டாது.

இரண்டாவது கோர் 8 ஃபிரேம் சம்பாதித்துக் கொடுத்தது. ஐந்திலிருந்து எட்டு வரையிலான நான்கு கோர்களும் சேர்ந்து சம்பாதித்தது 4 ஃபிரேம். குறைந்து செல் விளைவு விதியைப் பொருளாதார வகுப்பில் படித்தவர்கள் இந்தப் பட்டியலில் அதை அப்படியே பார்க்கலாம். வயலுக்குப் பதில் சிலிக்கான், உரத்துக்குப் பதில் கோர்.

பரீட்சையில் கிரைசிஸ்

இந்தப் பின்னணியில் கிரைசிஸுக்கு வரலாம். அந்த கேமின் பிராசசர் வேலையில் பெரும்பங்கு ஒன்றிரண்டு திரெட்களிலேயே தங்கியிருந்தது. நான்கு கோர் கொடுத்தாலும் இரண்டு கோர் ஏறக்குறைய சும்மாதான் இருக்கும். ஆகவே 2007-இல் கிரைசிஸ் ஆட வேண்டும் என்பவருக்கு 3 கிகாஹெர்ட்ஸ் ஈ6850 குறைந்த தேர்வு அல்ல. அந்த வருடத்தின் பெரும்பாலான கேம்களில் அதுதான் முன்னால் நின்றது. வேகமான இரண்டு ஆள், மெதுவான நான்கு ஆளை ஜெயித்தார்கள்.

ஆனால் பிராசசரை ஒரு மாதத்துக்காக யாரும் வாங்குவதில்லை. நான்கைந்து வருடம் ஓட்ட வேண்டும். அந்தக் கணக்கில் தராசு மெல்லச் சாய்ந்தது. 2008 டிசம்பரில் கணினிக்கு வந்த "கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4", பரிந்துரைக்கும் பிராசசர் என்று 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 குவாட்டைச் சொன்னது. அதாவது கியூ6600-ஐ! வாங்கி ஒன்றரை வருடத்துக்குள் நாலு கோர் கட்சிக்கு முதல் வட்டி வந்துவிட்டது.

பிறகு நிலைமை தலைகீழானது. 2014 நவம்பரில் வந்த "ஃபார் க்ரை 4", இரண்டே திரெட் உள்ள பிராசசர்களில் கருப்புத் திரையோடு நின்றுவிட்டது. எவ்வளவு கிகாஹெர்ட்ஸ் இருந்தாலும் பயனில்லை. கேமின் உள்ளமைப்பே நான்கு பேர் இருப்பார்கள் என்று நம்பி எழுதப்பட்டிருந்தது.

ஏழே வருடத்தில் இந்த மாற்றம் எப்படி? பதில் கணினிக்கு வெளியே, டி.வி. பக்கத்தில் இருந்த பெட்டியில் இருக்கிறது.

2005 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் 360-இல் மூன்று கோர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு திரெட். 2006 நவம்பரில் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3-இல் ஒரு முதன்மைக் கோரும், எஸ்.பி.ஈ. என்ற சின்னச் சின்ன துணைக் கோர்களும். கேம்களுக்கு அதில் ஆறு துணைக் கோர் கிடைத்தன. இவற்றுக்கு நிரல் எழுதுவது தலைவலி என்று அப்போது புலம்பாதவர் குறைவு. ஆனால் வேறு வழி கிடையாது. கோடிக்கணக்கான வீடுகளில் அந்தப் பெட்டி இருக்கிறது. அதில் ஓடாத கேமுக்கு சந்தை இல்லை.

2013 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் எட்டு கோர். ஆனால் ஒவ்வொரு கோரும் நோஞ்சான். பிளேஸ்டேஷன் 4-இல் 1.6 கிகாஹெர்ட்ஸ், எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 1.75. ஒரே கோரை நம்பினால் எதுவும் ஓடாது. வேலையை எட்டாகப் பிரிப்பது வாழ்வா சாவா என்ற கேள்வியாகிவிட்டது.

எப்படிப் பிரித்தார்கள்? ஆரம்பத்தில் செய்தது, ஒலிக்கு ஒரு கோர், இயற்பியலுக்கு ஒரு கோர், படத்துக்கு ஒரு கோர் என்று துறை வாரியாகப் பிரிப்பது. இதில் ஒருவருக்கு மலையளவு வேலை, இன்னொருவருக்குக் கொட்டாவி விடும் வேலை என்று ஆகும். பிறகு வந்த முறை வேறு. ஒரு ஃபிரேமின் வேலையை நூற்றுக்கணக்கான சின்னத் துண்டுகளாக வெட்டி ஒரு வரிசையில் போட்டுவிடுவது. எந்தக் கோர் சும்மா இருக்கிறதோ அது அடுத்த துண்டை எடுத்துக்கொள்ளும். "தி லாஸ்ட் ஆஃப் அஸ்" கேமை பிளேஸ்டேஷன் 4-க்குக் கொண்டுவந்தபோது இதை எப்படிச் செய்தோம் என்று நாட்டி டாக் நிறுவனத்தின் பொறியாளர் 2015-இல் கேம் டெவலப்பர்கள் மாநாட்டில் விரிவாகவே விளக்கினார். இந்த ஃபிரேமின் விளையாட்டுக் கணக்கு ஒரு பக்கம் நடக்கும்போதே போன ஃபிரேமின் படப் பட்டியல் இன்னொரு பக்கம் தயாராகும் என்பதும் அதில் ஒரு பகுதி. பருப்பு வேகிற நேரத்தில் அடுத்த பந்திக்குக் காய் நறுக்குவது மாதிரி.

அந்த உழைப்பு எல்லாம் கணினிக்கு வரும் கேம்களுக்கும் சேர்ந்தே வந்தது. கியூ6600 வாங்கியவன் அதற்காக ஒரு பைசா கூடக் கொடுக்கவில்லை.

ஜோடிக் கார்டின் கதை

இப்போது அடுத்த கட்சிக்கு வரலாம்.

இரண்டு கிராபிக்ஸ் கார்டை இணைப்பது 2007-க்கு முன்பே இருந்த யோசனை. 1998-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ2 கார்டு இரண்டை இணைத்தால், திரையின் கிடைக்கோடுகளில் ஒன்றை ஒரு கார்டும் அடுத்ததை மற்ற கார்டும் வரையும். எஸ்.எல்.ஐ. என்ற மூன்றெழுத்தின் பிறப்பிடம் அதுதான். அந்த நிறுவனம் நொடித்தபோது அதன் முக்கியச் சொத்துகளை வாங்கிய என்விடியா, 2004-இல் அதே மூன்றெழுத்துக்கு வேறு விரிவு கொடுத்து ஜிஃபோர்ஸ் 6 வரிசையில் கொண்டுவந்தது. ஏ.டி.ஐ. நிறுவனம் 2005-இல் கிராஸ்ஃபயர் என்று பதில் சொன்னது. 2006-இல் ஏ.எம்.டி. ஏ.டி.ஐ.யை வாங்கியதும் அது ஏ.எம்.டி.யின் பெயராயிற்று.

புது முறையில் பெரும்பாலும் கோட்டுக்குக் கோடு பிரிக்கவில்லை. ஃபிரேமுக்கு ஃபிரேம் பிரித்தார்கள். முதல் ஃபிரேம் முதல் கார்டு, இரண்டாவது ஃபிரேம் இரண்டாவது கார்டு, மூன்றாவது மீண்டும் முதல் கார்டு. கேட்க மிக எளிமை. விளம்பரத்தில் சொல்லவும் வசதி. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகம்!

வாங்கியவர்களுக்குத்தான் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது.

முதலாவது, சுற்றுச் செலவு. இன்டெல் பிராசசரோடு எஸ்.எல்.ஐ. வேண்டுமென்றால் 2008 வரை என்விடியாவின் சொந்த சிப்செட் உள்ள மதர்போர்டுதான் வாங்க வேண்டும். 8800 ஜிடிஎக்ஸ் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பவர் இணைப்பு. ஜோடிக்கு நான்கு. அதைத் தாங்கும் பவர் சப்ளை, அந்தச் சூட்டை வெளியேற்றும் கேபினெட் என்று பட்டியல் நீளும்.

இரண்டாவது, நினைவகம். 768 எம்.பி. உள்ள இரண்டு கார்டு சேர்ந்தால் 1,536 எம்.பி. என்று மனம் கணக்குப் போடும். அப்படி இல்லை. இரண்டு கார்டும் முழுப் படத்தை வரைவதால் எல்லாத் தகவலும் இரண்டிலும் இருக்க வேண்டும். ஆகவே கேமுக்குக் கிடைப்பது 768 எம்.பி.தான். 2014-இல் என்விடியா ஒரே கார்டில் இரண்டு சிப் வைத்து 2,999 டாலருக்கு விற்ற டைட்டன் இசட்டிலும் இதே கதை. பெட்டியில் 12 ஜி.பி., கேமுக்கு 6 ஜி.பி.

மூன்றாவது, பிராசசர். இரண்டு கார்டு இரண்டு மடங்கு வேகமாக வரைய வேண்டுமென்றால், வரைய வேண்டிய பட்டியலையும் பிராசசர் இரண்டு மடங்கு வேகமாகத் தயாரிக்க வேண்டும். அதுவோ அந்தக் காலத்து டைரக்ட்எக்ஸ் முறையில் பெரும்பாலும் ஒரே திரெட் செய்கிற வேலை. அந்தத் திரெட் திணறினால் இரண்டாவது கார்டு கைகட்டி நிற்கும். மின்சாரம் மட்டும் தின்னும்.

நான்காவது, ஆதரவு. ஒவ்வொரு கேமுக்கும் என்விடியாவோ ஏ.எம்.டி.யோ டிரைவரில் தனியாக ஒரு ஏற்பாடு எழுத வேண்டும். இல்லையென்றால் ஒரு கார்டுதான் ஓடும். கிரைசிஸுக்கே 2008 ஜனவரியில் வந்த பேட்ச்சில்தான் ஜோடிக் கார்டு ஆதரவு மேம்பட்டது. முதல் நாளே ஆடவேண்டும் என்று ஜோடி வாங்கியவர், கேம் வந்தபின் பேட்ச்சுக்காகக் காத்திருந்தார்.

டவுன் பஸ் கணக்கு

எல்லாவற்றையும்விட மோசமான ஐந்தாவது சிக்கல் பல வருடம் யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை.

ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு டவுன் பஸ் என்று அட்டவணை சொல்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் யாருக்கும் குறையில்லை. ஆனால் நடைமுறையில் இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டே வரும், பின்னால் வருவது காலியாக வரும். அப்புறம் பத்து நிமிடம் ஒன்றுமே வராது. டெப்போவில் கேட்டால் ஒரு மணிக்குப் பன்னிரண்டு விட்டோம் என்பார்கள். அதுவும் பொய்யில்லை. நிறுத்தத்தில் நிற்பவருக்குத்தான் அது ஆறு பஸ்.

ஜோடிக் கார்டிலும் இதுதான் நடந்தது. ஒரு கார்டுக்கு ஃபிரேம் ஒன்றுக்கு 40 மில்லி செகண்ட் ஆனால், இரண்டு கார்டு சேர்ந்து சீராக 20 மில்லி செகண்டுக்கு ஒன்று தர வேண்டும். ஆனால் ஒன்று 5 மில்லி செகண்டிலும் அடுத்தது 35 மில்லி செகண்டிலும் வந்தால்? சராசரி அப்போதும் 20தான். கணக்கெடுக்கும் மென்பொருள் நொடிக்கு 50 ஃபிரேம் என்று காட்டும். கண்ணுக்கோ ஏறக்குறைய 28 ஃபிரேம் மாதிரி வெட்டி வெட்டித் தெரியும். மைக்ரோ ஸ்டட்டர் என்று இதற்குப் பெயர்.

"ஏதோ சரியில்லை" என்று ஆடுபவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சராசரி எண்ணைக் காட்டி "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்றார்கள் மற்றவர்கள். 2011 செப்டம்பரில் டெக் ரிப்போர்ட் இதழின் ஸ்காட் வாஸன், ஒரு நொடிக்குள் ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தனித்தனியாக அளந்து காட்டினார். 2013-இல் திரைக்குப் போகும் சிக்னலையே பதிவு செய்து அளக்கும் எஃப்கேட் என்ற முறையும் வந்தது. சில ஃபிரேம்கள் திரையில் ஒரு சின்னக் கீற்றாக மட்டும் தெரிந்து மறைவது அப்போது அம்பலமானது. அவற்றையும் முழு ஃபிரேம் என்று எண்ணித்தான் அதுவரை மார்க் போட்டிருந்தார்கள். ஏ.எம்.டி. 2013 ஆகஸ்டில் இடைவெளியைச் சீராக்கும் டிரைவரை வெளியிட்டது.

சீராக்கினாலும் இன்னொன்று மிச்சம். ஒவ்வொரு ஃபிரேமும் பிறந்து முடிய இன்னமும் அதே 40 மில்லி செகண்ட்தான். மவுஸை அசைத்ததும் திரை அசையும் நேரம் பாதியாகவில்லை. எண்ணிக்கை இரட்டித்தது, காத்திருப்பு அப்படியே இருந்தது.

செலவை யார் ஏற்பது?

நாலு கோருக்கும் ஆரம்பத்தில் ஆதரவில்லை, ரெண்டு கார்டுக்கும் ஆதரவில்லை. ஒன்று பிழைத்தது, மற்றது பிழைக்கவில்லை. தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. 2010-களில் படத்தின் ஓரங்களை மென்மையாக்க, போன ஃபிரேமின் படத்தை இந்த ஃபிரேமில் கலக்கும் உத்தி பரவலானது. ஜோடியில் போன ஃபிரேம் பக்கத்துக் கார்டில் இருக்கிறது. அதை வாங்கிவரக் காத்திருந்தால் இரண்டு கார்டு வைத்த பலனே போயிற்று. பிரிக்கக் கூடியதாக இருந்த வேலை, பிரிக்க முடியாததாக மாறிவிட்டது. ஆம்டால் சிரித்திருப்பார் :-)

ஆனால் பெரிய காரணம் வணிகவியல் வகுப்பில் இருக்கிறது. வேலையைப் பிரித்து நிரல் எழுதுவது ஒரு நிலையான செலவு. ஒருவர் ஆடினாலும் அதே செலவு, ஒரு கோடிப் பேர் ஆடினாலும் அதே செலவு. பல கோருக்கு எழுதினால் எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், கணினி என்று ஆடுகிற அத்தனை பேருக்கும் பலன். செலவு கோடிப் பேர் மேல் பரவித் துளியாகிறது. ஜோடிக் கார்டுக்கு எழுதினால் பலன் பெறுவது வாடிக்கையாளர்களில் மிகச் சிறிய ஒரு பங்கு. அவர்களும் ஏற்கெனவே நல்ல கார்டு வைத்திருக்கும் வசதிக்காரர்கள். எந்த நிறுவனம் இதற்குப் பொறியாளரை ஒதுக்கும்?

2015-இல் டைரக்ட்எக்ஸ் 12 வந்தது. பட்டியல் தயாரிக்கும் வேலையைப் பல கோர்களுக்குப் பிரிக்க வழி செய்தது. ஜோடிக் கார்டைக் கையாளும் அதிகாரத்தையும் கேம் எழுதுபவர் கையிலேயே கொடுத்தது. 2016-இல் வந்த "ஆஷஸ் ஆஃப் தி சிங்குலாரிட்டி" கேமில் ஏ.எம்.டி. கார்டையும் என்விடியா கார்டையும்கூட ஜோடி சேர்க்க முடிந்தது. தொழில்நுட்பம் முடியும் என்று நிரூபித்துவிட்டது. ஆனால் அதிகாரத்தோடு செலவும் கேம் நிறுவனத்தின் தலையில் வந்து விழுந்தது. முதல் வசதியைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவதை விரல் விட்டு எண்ணும் சிலரே தொட்டார்கள்.

பிறகு நடந்தது விறுவிறுவென்று நடந்தது. 2016-இல் ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1060 எஸ்.எல்.ஐ. இணைப்பே இல்லாமல் வந்தது. நடுத்தர விலையில் இன்றைக்கு ஒன்று, அடுத்த வருடம் ஒன்று என்று வாங்கலாம் என்றிருந்தவர்களின் வழி அடைந்தது. 2019-இல் ஏ.எம்.டி.யின் ஆர்எக்ஸ் 5700-இல் கிராஸ்ஃபயர் இல்லை. 2021 ஜனவரி 1 முதல் புதிய எஸ்.எல்.ஐ. ஏற்பாடுகளை டிரைவரில் சேர்க்க மாட்டோம் என்று என்விடியா 2020-இல் அறிவித்தது. 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-இல் இணைப்புக்கான இடமே கிடையாது.

ஜோடி தோற்றதால் பிரித்துச் செய்வது தோற்றதாகாது. 8800 ஜிடிஎக்ஸுக்குள் 128 சின்ன கணக்கு அலகுகள் இருந்தன. ஆர்டிஎக்ஸ் 4090-க்குள் 16,384. திரையின் ஒரு புள்ளிக்கு நிறம் கணக்கிட மற்றப் புள்ளிக்காகப் பெரும்பாலும் காத்திருக்க வேண்டாம் என்பதால் கார்டுக்குள் பிரிப்பது அமோகமாகப் பலித்தது. ஒரே கூரைக்குள், ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து வேலை செய்கிற ஆயிரக்கணக்கானவர்கள் ஜெயித்தார்கள். இரண்டு வீட்டில் உட்கார்ந்து ஆள் விட்டுத் தகவல் அனுப்பிக்கொண்ட இரண்டு குடும்பங்கள் தோற்றன. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி, சினிமா அனிமேஷன் போன்ற வேலைகளில் பல கார்டுகளை இணைப்பது இன்றும் நடக்கிறது. அங்கே யாரும் 16.6 மில்லி செகண்டுக்குள் பதில் கேட்பதில்லை.

இன்றைக்கு வாங்குபவருக்கு

கோர் கட்சிக்கும் இப்போது ஒரு எல்லை தெரிந்துவிட்டது. 2020-இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் மறுபடி எட்டு கோர்தான். கேம்கள் அந்த எண்ணை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. 2022 ஏப்ரலில் ஏ.எம்.டி. வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி நல்ல உதாரணம். எட்டே கோர். ஆனால் 64 எம்.பி. கேஷ் நினைவகத்தை அதன் மேல் அடுக்கியிருந்தார்கள். அதே குடும்பத்தின் 16 கோர் பிராசசரைப் பெரும்பாலான கேம்களில் அது பின்னுக்குத் தள்ளியது. வீடியோ எடிட்டிங் செய்பவருக்குப் பதினாறு கோர் சோறு போடும். கேம் மட்டும் ஆடுபவருக்கு மிச்ச எட்டு கோர் வேடிக்கைதான் பார்க்கும்.

ரெண்டு கார்டின் ஆவியும் வேறு உருவத்தில் திரும்பியிருக்கிறது. என்விடியா 2022-இல் கொண்டுவந்த ஃபிரேம் ஜெனரேஷன், உண்மையாக வரைந்த இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே கற்பனையாக ஒரு ஃபிரேமைச் செருகுகிறது. 2025-இல் அது மூன்று ஃபிரேம் வரை செருகும் அளவுக்கு வளர்ந்தது. அந்த ஜனவரியில் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070, பழைய 4090-க்குச் சமமான வேகம் தரும் என்று மேடையில் சொன்னபோது, செருகிய ஃபிரேம்களையும் சேர்த்தே எண்ணியிருந்தார்கள். படம் வழுவழுப்பாகத் தெரிவது உண்மை. மவுஸை அசைத்துவிட்டுக் காத்திருக்கும் நேரம் அதனால் குறைவதில்லை என்பதும் உண்மை. 2013-இல் அளந்து அம்பலப்படுத்திய அதே வித்தியாசம்.

ஆகவே வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதில் உள்ள கோர்களுக்கு நான் ஆடும் கேம் வேலை கொடுக்கிறதா? சொல்கிற ஃபிரேம் எண்ணிக்கை சராசரியா, மிக மெதுவாக வந்த ஃபிரேம்களையும் அளந்தார்களா? இந்த வசதிக்கு ஆதரவு எழுத வேண்டியவர் யார், எழுதுவதால் அவருக்கு என்ன லாபம்?

மூன்றாவது கேள்வியை மட்டும் 2007-இல் யாராவது கேட்டிருந்தால், இரண்டாவது கார்டுக்கு எடுத்து வைத்த 599 டாலர் பத்திரமாகப் பையிலேயே இருந்திருக்கும்.